குதிரை டிராவுக்குப் பூஜ்யம், பெர்லின் டிராவுக்கு அரைப் புள்ளி: இது என்ன நியாயம்?

யானைப்பாகன்:
2023 டிசம்பர், சாமர்கண்ட் உலக பிளிட்ஸ் (அதிவேக செஸ்) போட்டி. ரஷ்ய வீரர்கள் டுபோவும் நெப்போம்னியாச்சியும் குதிரைகளை மட்டும் சுற்றவிட்டு டிரா எடுத்தார்கள். ஒரு சிப்பாய்கூட நகரவில்லை. பேசிவைத்த ஆட்டம் என்று இருவருக்கும் பூஜ்யம். சரி, பெர்லின் தற்காப்பு என்ற தொடக்க முறையை மனப்பாடமாக ஆடி டிரா எடுப்பவர்களுக்கு மட்டும் ஏன் அரைப் புள்ளி?

அரங்கன்64:
பெர்லினை இதோடு சேர்க்காதீர்கள். 2000 லண்டனில் கிராம்னிக் அதை வைத்துத்தான் காஸ்பரோவிடமிருந்து உலகப் பட்டத்தைப் பறித்தார்.

யானைப்பாகன்:
கிராம்னிக் ராணிகளை வெட்டிக்கொடுத்துவிட்டு மணிக்கணக்கில் தடுத்து ஆடினார். நான் சொல்வது வேறு கிளை. பத்து நகர்த்தலுக்குள் கால்வாசிக் காய்கள் காலி. அப்புறம் வெள்ளை ராணி செக் வைக்கும், கறுப்பு ராணி குறுக்கே வரும், இரண்டும் பழைய இடத்துக்கே திரும்பும். 14வது நகர்த்தலில் அதே நிலை மூன்றாம் முறை. கை குலுக்கிவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

அரங்கன்64:
ஆனால் அதில் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் காரணம் இருக்கிறது. குதிரை ஆட்டத்தில்? இரண்டாவது நகர்த்தலிலேயே வெள்ளைக் குதிரை டி4 என்ற நடுக்கட்டத்துக்கு வருகிறது. கறுப்பு இ5 என்று சிப்பாயைத் தள்ளினால் குதிரை ஓட வேண்டும், மையம் சும்மா கிடைக்கும். பிளிட்ஸ் ஆடும் பள்ளிப் பையனுக்கே தெரியும். நெப்போ தள்ளவில்லை. தன் குதிரையையும் எதிரே கொண்டுவந்து நிறுத்துகிறார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

சதுரங்கி:
2021-ல் கார்ல்சனும் நகமுராவும் இரண்டாவது நகர்த்தலிலேயே ராஜாவை வெளியே இழுத்து, ஆறே நகர்த்தலில் டிரா எடுத்தார்களே. அப்போது எல்லாரும் சிரித்தோம். பெரிய ஆள் செய்தால் நகைச்சுவையா?

அரங்கன்64:
அது இணையப் போட்டி. இருவரும் ஏற்கெனவே அடுத்த கட்டத்துக்குத் தேறியிருந்தார்கள், யாருக்கும் நஷ்டமில்லை. சாமர்கண்டில் நடந்தது பட்டத்துக்கான ஓட்டம். கார்ல்சன் 16, டுபோவ் 15.5. டுபோவ் இழந்த அந்த அரைப் புள்ளிதான் வித்தியாசம்!

சதுரங்கி:
நார்வே செஸ் மாதிரி, டிரா ஆனால் உடனே அர்மகெடான் (வெற்றியாளரை முடிவுசெய்யும் கூடுதல் ஆட்டம்) வைத்துவிட்டால் தீர்ந்தது.

யானைப்பாகன்:
அந்த 2023 பிளிட்ஸில் இரண்டு நாளில் 21 சுற்று இருந்தது. அர்மகெடானை எங்கே நுழைத்திருப்பீர்கள்? டிரா கேட்கத் தடை போட்டாலும் பயனில்லை. ஒரே நிலை மூன்று முறை வந்தால் டிரா கோரும் உரிமையை விதியே தருகிறது. பேசிவைத்தவர்கள் இனி குதிரையைத் தொட மாட்டார்கள், பெர்லினை ஆடிவிட்டுப் போவார்கள். எந்த நடுவர் பிடிப்பார், சொல்லுங்கள்.