கடித உறையின் மடிப்பு மாரியில் தானாக ஒட்டுகிறது, என்ன செய்யலாம்?

புதுக்குடியிருப்புப் பக்கம் இருக்கிறோம். வீட்டிலேயே கடித உறை செய்து கடைகளுக்குக் கொடுக்கிறேன். கலியாண வீட்டுக்குக் காசு வைத்துக் கொடுக்கத்தான் கூடுதலாக வாங்குகிறார்கள். பேப்பர் 80 ஜிஎஸ்எம் ஏ4, ஒரு தாளில் ஒரு சி6 உறை (114க்கு 162 மில்லிமீற்றர்). வெட்டு, மடிப்பு, பக்க ஒட்டு எல்லாம் சரி.

பிரச்சினை மேல் மடிப்பில் பூசும் பசைதான். தண்ணீர் தொட்டால் மட்டும் ஒட்ட வேண்டும். விளாம்பிசினை இரவு ஊற வைத்து, வடித்து, கொஞ்சம் சீனி சேர்த்துப் பூசிக் காயவிடுகிறேன். சோளகக் (தென்மேற்குக் காற்று) காலத்தில் நன்றாக நின்றது. ஐப்பசியில் மழை தொடங்கியதும் அடுக்கி வைத்த கட்டு மூடியபடியே ஒட்டிக்கொள்கிறது, இழுத்தால் பேப்பர் கிழிகிறது.

சீனியை விட்டுப் பார்த்தேன்: பசை வெடித்து உதிர்கிறது, மடிப்பும் சுருளுகிறது. கிளிசரின் சில துளி விட்டால் சுருள்வது நிற்கிறது, ஈரத்தை இன்னும் இழுக்கிறது. கோதுமை மாக்கூழில் பூஞ்சணம், போதாததற்கு எறும்பு. வெள்ளைப் பசை காய்ந்த பிறகு தண்ணீருக்கு அசையாது. இடையில் எண்ணெய்த்தாள் வைத்தால் ஒட்டவில்லை, ஆனால் அந்தச் செலவுக்கு உறையைச் சும்மா கொடுக்கலாம். இருபக்கமும் ஒட்டும் ரேப் (ஒட்டுநாடா) போட்டாலும் அதே செலவுக் கதைதான்.

வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ வாங்கக்கூடிய பொருட்களை வைத்து, மாரியிலும் தானாக ஒட்டாமல் நக்கினால் மட்டும் ஒட்டும் பசையை எந்த அளவில் கலக்கலாம்?