தலைக்கு மேல போகுது தோட்டா

குழு: கடலூர் – பாண்டி சொந்தங்கள்

கவின்: கேம்ல இந்த லீ-என்ஃபீல்டு துப்பாக்கி வேஸ்ட்டு. கிட்ட இருக்கிறவன் நெத்திக்கு வச்சா தலைக்கு மேல போகுது. தூரத்துல இருக்கிறவன் நெஞ்சுக்கு வச்சா காலடி மண்ணுல விழுது. கேம்ல ஏதோ கோல்மால் பண்றானுங்க

அம்மா: டேய் யாரு நெத்திக்குடா

கவின்: கேம் மா. ரெண்டாம் உலகப் போர்

சித்தப்பா: லீ-என்ஃபீல்டுன்னா நம்ம த்ரீ நாட் த்ரீ டா. போலீஸ்காரங்க தோள்ல எத்தன வருஷம் தொங்குச்சு. என்.சி.சி கேம்ப்ல ஒரு தடவ சுட்டேன், தோள்பட்ட கன்னிப் போச்சு

பெரியப்பா: கவின், கிட்ட மேல, தூரத்துல கீழ. ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதான். நீ பார்க்கிற கோடு நேரா போகுது. குழல் லேசா அண்ணாந்து இருக்கு. தோட்டா அந்தக் கோட்டுக்குக் கீழ இருந்து கிளம்பி, கோட்டத் தாண்டி ஏறி, அப்புறம் இறங்கி ரெண்டாவது தடவ வெட்டும். அந்த ரெண்டாவது வெட்டு எத்தனாவது மீட்டர்லன்னு கண்டுபிடி

சித்தி: வாத்தியார் ரிட்டயர் ஆனாலும் கிளாஸ் நிக்கல 😂

பாண்டி தாத்தா: மாப்ள சொல்றது சரி எங்க பிரெஞ்சுப் பட்டாளத்து மாஸ் 36 துப்பாக்கில குறி பார்க்கிற பின் சைட்டு 200 மீட்டர்ல இருந்துதான் ஆரம்பம் 1200 வரைக்கும் போவும் நூறு மீட்டர் குறி அட்டைக்கு கொஞ்சம் கீழ புடின்னு சார்ஜென்ட் கத்துவான்

கவின்: தாத்தா நீங்க மாஸ் 36 சுட்டிருக்கீங்களா!!! இத ஏன் சொல்லவே இல்ல

அம்மா: சொல்தா (பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர்) வீட்டுப் பேரன், இப்பதான் கேக்குறான்

பெரியப்பா: உன் கேம்ல இருக்கிறது நம்பர் 4 மாடலா பாரு. அதுல பின் சைட்ட மடக்கி வச்சா 300 கஜத்துக்கு. நம்ம கணக்குல 274 மீட்டர். அப்ப 100 மீட்டர்ல 15 செ.மீ.க்கு மேலயே தூக்கி அடிக்கும். நெத்திக்கு வச்சா தலைக்கு மேலதான் போவும், கோல்மால் இல்ல

கவின்: நம்பர் 4 தான் 😳 ஆனா ஒரே இடத்துக்கு வச்சாலும் ஒவ்வொண்ணு ஒவ்வொரு பக்கம் போகுதே

பெரியப்பா: அது வேற சமாச்சாரம். எப்படி சுட்ட? நின்னுக்கிட்டா?

கவின்: நின்னு, ஓடி வந்து, எல்லாம்

பாண்டி தாத்தா: படுத்து சுடு மூச்ச பாதி விட்டு நிறுத்து ஒரு குண்டு பார்த்து சைட்ட திருப்பாத அஞ்சும் போவட்டும் எங்க கூட்டமா விழுந்திருக்குன்னு அப்புறம் பாரு

பெரியப்பா: மாமா சொன்னதுதான் விஷயமே. ஒரு தோட்டாவ வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. கூட்டம் எவ்வளவு அகலம்னு பாரு, அது சிதறல். கூட்டத்தோட நடு குறிக்கு மேலயா கீழயான்னு பாரு, அது தோட்டா ஏறி இறங்குறது. ரெண்டையும் கலக்காத. தூரம் மூணு மடங்கானா சிதறலும் மூணு மடங்கு, ஆனா குழல் காட்டுற கோட்டுல இருந்து தோட்டா விழுறது ஒன்பது மடங்கு

கவின்: ஒன்பதா? எப்படி

பெரியப்பா: பதினொண்ணாம் கிளாஸ் பிசிக்ஸ் டா. பாதி ஜி டி ஸ்கொயர். ஜி புவியீர்ப்பு, டி நேரம். தூரம் மூணு மடங்குன்னா நேரமும் மூணு மடங்கு, ஸ்கொயர் பண்ணா ஒன்பது. த்ரீ நாட் த்ரீ தோட்டா வினாடிக்கு சுமார் 744 மீட்டர்ல கிளம்பும். குழல் காட்டுற கோட்டுல இருந்து 100 மீட்டர்ல 9 செ.மீ. கீழ, 200ல 35, 300ல 80. இது காத்தே இல்லாத கணக்கு. நிஜத்துல காத்து தடுக்கும், 300ல கிட்டத்தட்ட ஒரு மீட்டர் இறங்கிடும்

பெரியப்பா: அதனால கேம்ல அந்தக் குழல் கோட்டுல இருந்து விழுறது சரியா ஒன்பது மடங்கு வந்தா, புவியீர்ப்ப மட்டும் போட்டுட்டு காத்த விட்டுட்டான்னு அர்த்தம். அதுக்கு மேல வந்தா ஒழுங்கா செஞ்சிருக்கான்

சித்தப்பா: கணக்கெல்லாம் எதுக்குண்ணே. 1690ல வெள்ளக்காரன் தேவனாம்பட்டினம் கோட்டைய வாங்கினப்ப எல்லைய எப்படி வச்சான்? பீரங்கிய சுட்டு, குண்டு போற தூரம் வரைக்கும் என்னுதுன்னுட்டான். குண்டு கிராமம்னு இன்னிக்கும் பேரு இருக்கு

பெரியப்பா: கூடுதலா மருந்து கெட்டிச்சிருப்பான் 😄

சித்தி: கணக்கு போடத் தெரிஞ்சவன் பீரங்கிய அண்ணாந்து வச்சிருப்பான்

கவின்: இருங்க, கேம்ல சுட்டுப் பழகுற டெஸ்ட் ரேஞ்ச் போயிட்டு வரேன்

அம்மா: போறதுக்கு முன்னாடி மாடியில காயப்போட்ட துணிய எடுத்துட்டு போ. கடல் பக்கம் கருக்குது

(ராத்திரி 9.40)

கவின்: 📷 படுத்து சுட்டேன், சுவத்துல ஒரே கறைய குறி வச்சு. 100ல கூட்டம் கறைக்கு மேல. 275ல சரியா கறையிலயே. 400ல நல்லா கீழ

பெரியப்பா: பிரமாதம். அகலம்?

கவின்: படுத்தா உள்ளங்கைக்குள்ள அடங்குது. நின்னு சுட்டா முறம் அளவு. துப்பாக்கி ஆடுறது கண்ணுக்கே தெரியுது

பாண்டி தாத்தா: அது ஆடல நீதான் ஆடுற

பெரியப்பா: 😂😂

கவின்: கடைசி டவுட். 400ல ஒருத்தன் குறுக்க ஓடுறான். ஆள் மேலயே வச்சா பின்னாடி போகுது

பெரியப்பா: காத்தில்லாத கணக்குலயே போய்ச் சேர அரை வினாடிக்கு மேல ஆகும். அவன் வினாடிக்கு 5 மீட்டர் ஓடினா, அதுக்குள்ள ரெண்டரை மீட்டர் தாண்டிருப்பான். ஆள விட்டுட்டு முன்னாடி காலி இடத்துக்கு வை

பாண்டி தாத்தா: ஞாயித்துக்கிழம பாண்டிக்கு வரும்போது லேப்டாப் எடுத்துட்டு வா எனக்கும் ஒரு ரவுண்டு

சித்தி: அப்பா!!