மறு: காடைக் கூண்டு இரண்டாம் கட்டம் – பணம் போடும் முன்

எல்லோருக்கும் வணக்கம்.

இன்னும் 20 வீட்டுக்குக் காடைக் கூண்டு, வீட்டுக்கு 5,500 ரூபாய் என்று நம் ஊர்ச் சங்கச் செயலாளர் மாமா கேட்டிருக்கிறார். நான்கைந்து பேர் "போட்டுவிட்டேன்" என்று பதிலும் எழுதிவிட்டீர்கள். பொங்கலுக்கு நான் ஊரில் இருந்தேன். முதல் கட்டத்தில் கொடுத்த கூண்டுகள் என்ன நிலையில் இருக்கின்றன என்று இதுவரை யாரும் எழுதாததால் நான் எழுதுகிறேன்.

கிழக்குத் தெருப் பெரியம்மா வீட்டுக் கூண்டில் சின்ன வெங்காயம் கொட்டி வைத்திருக்கிறது. கடைக்கார அத்தை வீட்டில் அதன்மேல் துணி காய்கிறது. காடை இருப்பது மேட்டுக்காட்டுச் சித்தப்பா வீட்டில் மட்டும். அவரைச் சொன்னதும் செயலாளர் மாமா மடலை மூடிவிட வேண்டாம். உங்கள் இருவருக்கும் உள்ள வண்டித்தடத் தகராறு வேறு, காடை வேறு.

கார்த்திகை தீபம் கழித்து, பொரித்து ஒரு நாளே ஆன குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் கொண்டுவந்து வீட்டுக்கு 50 என்று கொடுத்திருக்கிறார்கள். ஒரு குஞ்சு எட்டுப் பத்து கிராம்தான் இருக்கும். இறகு கட்டும் வரை அதற்கு வெளியிலிருந்துதான் சூடு கொடுக்க வேண்டும். முதல் வாரம் 35 டிகிரி. அந்த மாதத்தில் குப்பனூர்ப் பக்கம் மலைக்காற்று இறங்கினால் பெரியவர்களே ஏழு மணிக்குக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். பெரியம்மா கூண்டைத் திண்ணையில் வைத்துச் சாக்கைப் போர்த்தியிருக்கிறார். "பல்பு போட்டேன் கண்ணு, விடிய விடிய எரிஞ்சுது" என்கிறார். எரிந்திருக்கும். எல்ஈடி பல்பில் வெளிச்சம் வரும், சூடு எங்கே வரும்? காலையில் பார்த்தால் குஞ்சுகள் ஒரே மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தனவாம். அடியில் அகப்பட்டதெல்லாம் மூச்சு முட்டிப் போய்விட்டது. மிஞ்சியதில் சில தண்ணீர்க் கிண்ணத்தில் விழுந்து செத்தன. கிண்ணத்தில் கூழாங்கல் போட்டு வைக்க வேண்டும் என்று கூண்டு கொண்டுவந்தவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கும் தப்பியவற்றுக்கு நொய்யும் கம்பும். குஞ்சுப் பருவத்துத் தீவனத்தில் 24 சதவீதமாவது புரதம் வேண்டும். நொய்யில் வயிறு நிறையும், உடம்பு பிடிக்காது.

"சங்கத்துல குடுத்ததை நான் கொன்னுபோட்டேன்னு சொல்லுவாங்களே" என்று பெரியம்மா திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

சித்தப்பா கூண்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, பழைய ஜவ்வரிசி ஆலைத் தகரத்தை வட்டமாக வளைத்துக் கட்டியிருக்கிறார். தரையில் இரண்டு அங்குலம் உமி, அதன்மேல் சாக்கு. வெறும் செய்தித்தாளை விரித்தால் வழுக்கிக் குஞ்சுக்குக் கால் விரிந்துவிடுமாம். மேலே 60 வாட் குண்டு பல்பு, சேலத்தில் கடை கடையாய்க் கேட்டு வாங்கியது. குஞ்சுக்கு ஒரு வாட் என்பது அவர் கணக்கு. வெப்பமானியெல்லாம் கிடையாது. குஞ்சுகள் பல்புக்கு அடியில் நெருக்கியடித்தால் பல்பை இறக்குகிறார். ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் ஏற்றுகிறார். கரண்ட் போனால் மண்சட்டியில் கரி, அதுவும் புகை அடங்கிய பிறகுதான் உள்ளே போகும். இந்தப் பாடு மூன்று வாரம். அப்புறம் எலியும் பூனையும் அண்டாமல் பார்த்து, தீவனம் தண்ணீர் வைத்தால் சரி.

கரிநாளன்று அவர் வீட்டில்தான் சாப்பிட்டேன். ஐந்து வாரத்துப் பறவை, உயிரோடு 200 கிராம் பக்கம் வந்திருந்தது. இறகு பறிக்கும் வேலையே இல்லை, தோலோடு உரித்துவிடுகிறார்கள். ஏற்காட்டு மிளகைத் தட்டிப்போட்டு வறுவல், ஆளுக்கு ஒன்று. இந்த எடைக்கு வர ஒரு காடை அரைக் கிலோ தீவனம் தின்கிறது. 50 காடைக்கு அரை மூட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் உள்ள வீட்டுக்கு வாரம் ஒருநாள் என்றால் மூன்று மாதத்துக் கறி. திட்டம் நல்ல திட்டம்தான்.

அதனால் நான் கேட்பது: கூண்டுக்குப் பணம் போடாதீர்கள், அந்த முதல் மூன்று வாரத்துக்குப் போடுங்கள். ஊரில் ஒரே இடத்தில், கை பழகிய ஒருவர் குஞ்சுகளை வளர்த்து, மூன்று வாரத்தில் வீட்டுக்கு 25 என்று கொடுக்கட்டும், கூடவே கொஞ்சம் தீவனமும். அந்த வயதில் ஆணுக்கு மார்பு செம்பழுப்பாகிவிடும், பெட்டைக்குப் புள்ளி தெரியும். முட்டையும் வேண்டும் என்பவர்கள் பெட்டையாகக் கேட்டு வாங்கலாம். கூண்டா, நம் ஊரில் மூங்கிலுக்கும் பழைய கம்பி வலைக்குமா பஞ்சம்?

கீழ்வீட்டுப் பேத்தி, தோஹா

*

ஷார்ஜாவிலிருந்து:

பாப்பா எழுதியது சரி. ஆனால் முதலில் கணக்கு.

1. முதல் கட்ட வரவு செலவு இன்னும் இந்த மடற்குழுவுக்கு வரவில்லை. மதில் சுவர்க் கணக்கில் மீந்த தொகையும் இதில் சேர்ந்துவிட்டதா?

2. கூண்டு மூன்றடிக்கு இரண்டடி என்று ரசீதில் இருக்கிறது. சதுர அடிக்கு ஐந்து காடை என்றால் முப்பதுதான் கொள்ளும். 50 குஞ்சு எந்தக் கணக்கில் கொடுத்தீர்கள்? பாதி செத்துவிடும் என்று முன்கூட்டியே தெரியுமா?

3. இதைப் போன தடவையே சொன்னேன். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர் கொடுத்தால், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும், எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி அது வெளிநாட்டு நன்கொடை. சங்கத்துக்கு அந்தப் பதிவு கிடையாது. அமெரிக்கா, ஆஸ்திரேலியா உறவுகள் தயவுசெய்து சங்கக் கணக்கில் போட வேண்டாம்.

*

நியூஜெர்சியிலிருந்து:

நான் கொடுத்தால் வெளிநாட்டுப் பணமாம்! கோபுரத்துக்குச் சுதை வேலை செய்தபோது இது ஷார்ஜா மாப்பிள்ளைக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. கல்வெட்டில் என் பெயர் எத்தனையாவது வரிசையில் இருக்கிறது என்று நான் எழுதினால் நன்றாக இருக்காது.

சேர்வராயன் கோவில் திருவிழாவுக்கு மலையேறி வருகிறவர்களுக்கெல்லாம் பந்தி போட்ட ஊர் நம்முடையது. வீட்டுக்கு வீடு காடைக்குஞ்சு பிச்சை போட்டோம் என்று படம் எடுத்துப் போட்டால் அக்கம்பக்கத்து ஊர்க்காரன் சிரிக்க மாட்டானா? காடை நமக்குப் புதிதா? எங்கள் ஐயா கடலை பிடுங்கிய காட்டில் கண்ணி வைத்து விடிகாலையில் கோணிப்பையோடு வருவார். பனியில் நனைந்த அந்தப் பையிலிருந்து வரும் மண்வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. நம் பாரம்பரியக் காடையை நமக்கே ஒருத்தன் கூண்டில் வைத்து விற்கிறான், நாம் சந்தா போடுகிறோம்.

அப்புறம், தங்கச்சி கல்யாணத்துக்கு வண்டி அனுப்பியும் வராதவர்கள் ஒற்றுமை பற்றி இங்கே எழுத வேண்டாம். யாரைச் சொல்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியும்.

*

தோஹாவிலிருந்து மறுபடியும்:

பெரியப்பா, கோபப்படாதீர்கள். கண்ணிக் கதையைக் கேட்க எனக்கும் பிடிக்கும், ஆனால் குழுவில் எழுதாதீர்கள். இப்போது யாராவது பையன் அதைப் படித்துவிட்டுக் காட்டுக் காடையைப் பிடிக்கப் போனால் 1972 வனவிலங்குச் சட்டத்தில் வழக்கு. கூண்டில் வளர்ப்பது வேறு இனம், ஜப்பானியக் காடை. 1974-இல் உங்கள் அமெரிக்காவிலிருந்துதான் இந்தியாவுக்கு வந்தது. அது அடைகூடக் காக்காது. முட்டையைப் பொரிக்க இயந்திரம் வேண்டும், 17, 18 நாள். அதனால் குஞ்சு எப்படியும் வெளியில் வாங்கித்தான் ஆக வேண்டும். நாமக்கல் கால்நடைக் கல்லூரியில் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஷார்ஜா மாமா கேட்ட மூன்றுக்கும் செயலாளர் மாமா பதில் எழுதட்டும். அதுவரை நான் பணம் போடவில்லை.

சித்தப்பாவிடம் நேற்றுப் பேசினேன். சித்திரை வெயிலில் சூட்டுக்குப் பஞ்சமிருக்காது, அப்போது முதல் தொகுதி எடுக்கலாம் என்கிறார். கூலி வேண்டாம்; தீவனமும் கரண்ட் பில்லும் சங்கம் தந்தால் போதும். ஒரே ஒரு நிபந்தனை: செயலாளர் மாமா நேரில் வந்து கேட்க வேண்டுமாம், அதுவும் வண்டித்தடம் வழியாக.