கார்புரேட்டர் வண்டியில் தொழில் பழகுவது: எங்கிருந்து தொடங்கலாம்?

பழையவண்டி:
நண்பர்களுக்கு வணக்கம். என்னிடம் 1997ஆம் ஆண்டு மாருதி 800 ஒன்று உள்ளது. காலையில் சோக் இழுத்து எடுத்தால் நன்றாக ஓடுகிறது. சோக்கை உள்ளே தள்ளிய பிறகு, சிக்னலில் நிற்கும்போது ஐடிலிங் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் ஓட்டம்) தடுமாறி இன்ஜின் அணைந்துவிடுகிறது. மெக்கானிக்கிடம் கொடுக்காமல் நானே பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொள்ள விரும்புகிறேன். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரை முதலில் கழற்றலாமா?

பட்டறைவாசி:
கார்புரேட்டர் கடைசியாக இருக்கட்டும். சோக் இழுத்திருக்கும்போது பெட்ரோல் கூடுதலாகப் போவதால், வாக்குவம் குழாயில் (இன்ஜினின் உறிஞ்சு விசை செல்லும் ரப்பர் குழாய்) எங்கேனும் காற்று கசிந்தாலும், ஐடில் ஜெட்டில் (ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் சிறு துளை) தூசி அடைத்திருந்தாலும் அந்தக் குறை வெளியே தெரியாது. ஆகவே, முதலில் ரப்பர் குழாய்களின் முனைகளை வளைத்து, வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜின் ஆறியதும் மூன்று ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, எது எந்த சிலிண்டருடையது என்று குறித்துவையுங்கள். முனை இளம்பழுப்பாக இருந்தால் கலவை சரி. வெளுத்திருந்தால் காற்று மிகுதி. கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. திரும்பப் பூட்டும்போது முதல் சில சுற்றுகளைக் கையாலேயே ஏற்றுங்கள். சிலிண்டர் ஹெட் அலுமினியம் என்பதால், மரை போய்விட்டால் செலவு எங்கேயோ போய்விடும்.

திருப்புளி:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, வண்டியை ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் வண்டி சரியாகலாம், எதனால் சரியானது என்பது விளங்காது. கார்புரேட்டரில் கலவையைச் சரிசெய்யும் திருகைத் தொடுமுன், அது மெல்ல முட்டும்வரை உள்ளே திருகி, எத்தனை சுற்று என்று எழுதிவைத்துக்கொண்டால் எப்போது வேண்டுமானாலும் பழைய நிலைக்கே திரும்பலாம். ஜெட்டைக் கம்பியால் குத்தும் பழக்கம் நம் ஊர்ப் பட்டறைகளில் இன்னும் இருக்கிறது, அதைப் பின்பற்றாதீர்கள். பித்தளைத் துளை சற்றே விரிந்தாலும் பெட்ரோல் அளவு மாறிவிடும். கிளீனர் ஸ்பிரே அடித்து, காற்றால் ஊதினால் போதும்.

பழையவண்டி:
மிக்க நன்றி. இதே முறையில் பிரேக்கையும் பிரித்துப் பழகலாமா?

பட்டறைவாசி:
கூடாது. ஐடிலிங் தவறினால் வண்டி நிற்கும். பிரேக் தவறினால் வண்டி நிற்காது. அதை அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரின் பக்கத்தில் இருந்து, அவர் பார்வையிலேயே செய்து பழகுங்கள். வண்டிக்கு அடியில் போவதாக இருந்தால், ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைத்த பிறகே போங்கள்.