கிளட்ச் மட்டுமா, பின் அச்சு வரை எல்லாமா? – 1970ஆம் ஆண்டு எம்.ஜி.பி.

ஹற்றன்_பச்சை:
வணக்கம். என்னிடம் இருப்பது 1970ஆம் ஆண்டு எம்.ஜி.பி. என்ற பிரித்தானியத் திறந்த கார். 1798 சிசி எஞ்சின், ஓவர்டிரைவ் (மேல்வேகக் கியர்) இல்லை, கம்பிச் சில்லுகள். நுவரெலியாவுக்குப் போகும் வழியில், புஸ்ஸல்லாவையிலிருந்து இறம்பொடை ஏற்றத்தில் மூன்றாம் கியரில் அழுத்தினால் எஞ்சின்தான் உறுமுகிறது, வேகம் கூடுவதில்லை. கரிந்த வாடையும் வருகிறது. கிளட்ச் தேய்ந்துவிட்டது என்பதில் எனக்கே ஐயமில்லை. ஆனால் இறக்கத்தில் அக்சிலரேட்டரை விட்டு மீண்டும் தொட்டால் பின்பக்கம் ‘டொக்’ என்று ஓர் அடி கேட்கிறது. கராஜில், கிளட்ச் தட்டு, கவர், ரிலீஸ் பெயரிங் (பெடலை மிதிக்கும்போது கிளட்சைத் தள்ளி விடுவிப்பது), ப்ரொப்பெல்லர் ஷாப்ட் (சுழற்சியைப் பின்னுக்குக் கொண்டுபோகும் தண்டு) ஜொயின்ட்டுகள், டிப்ரன்சல் (பின் அச்சின் நடுவிலுள்ள பற்சக்கரத் தொகுதி) அனைத்தையும் ஒரே மூச்சில் மாற்றச் சொல்கிறார்கள். பாகங்கள் இங்கிலாந்திலிருந்து வர வேண்டும். மொத்தக் கணக்கு என் கைக்கு மீறியது. என்ன செய்யலாம்?

இறம்பொடைக்_குளிர்:
தம்பி, கராஜில் சொன்னதையே செய்யுங்கள். இந்தக் காரில் கியர்பொக்ஸை மட்டும் கீழே இறக்க வழியில்லை. கிளட்சுக்காக எஞ்சினைத் தூக்கியே ஆக வேண்டும். அவ்வளவு வேலைக்குப் பிறகு பழைய ஜொயின்ட்டையும் பழைய டிப்ரன்சலையும் விட்டுவைப்பது என்ன சிக்கனம்? நுவரெலியா 1868 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு, எஞ்சின் வலுவும் அந்தளவு குறையும். ஏற்றத்தில் வண்டியை எடுக்கக் கூடுதலாக முறுக்க வேண்டும், கிளட்சை அரைகுறையாகப் பிடித்திருக்க வேண்டும். கொழும்பில் ஓடும் காரின் கணக்கை இங்கே போடாதீர்கள்.

பண்டாரவளைப்_பட்டறை:
ஏற்றத்தைப் பற்றி ஐயா சொன்னது சரி. எஞ்சினைத் தூக்கும்போது தட்டு, கவர், ரிலீஸ் பெயரிங், கிராங்க் நுனியிலுள்ள வெண்கல புஷ், பின் எண்ணெய் சீல் ஆகியவற்றை மாற்றுவதிலும் எனக்கு மறுப்பில்லை. புஷ்ஷை இரவு முழுவதும் எஞ்சின் எண்ணெயில் ஊறவிட்டுப் போடுங்கள். கிளட்ச் தட்டு அழுந்தும் பிளைவீலில் நீலத் தழும்போ மயிர்க்கோடு விரிசலோ இருந்தால் கடைசல் பட்டறைக்கு அனுப்புங்கள். ஆனால் எஞ்சினைத் தூக்குவதற்கும் டிப்ரன்சலுக்கும் என்ன உறவு? அது காரின் மறுகோடியில் தனியாகத் தொங்குகிறது. இன்று செய்தாலும் ஆறு மாதம் கழித்துச் செய்தாலும் கூலி ஒன்றுதான்.

‘டொக்’ சத்தத்துக்கு மூன்று இடங்கள் உண்டு. காரைத் தாங்கியில் நிறுத்தி, ஷாப்டைக் கையால் இருபுறமும் திருகுங்கள். ஜொயின்ட்டின் இரு கவைகளும் ஒன்றுக்கொன்று விலகி அசைந்தால் ஜொயின்ட் போயிற்று. அது அசையாமல் டிப்ரன்சல் முகப்பு மட்டும் தாராளமாக ஆடினால் உள்ளே வொஷர் தேய்வு. மூன்றாவதைப் பலர் பார்ப்பதே இல்லை: ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுப் பின் சில்லைக் கையால் முன்னும் பின்னும் அசையுங்கள். டிரம் நிற்க, சில்லு மட்டும் நகர்ந்தால் ஹப்பின், அதாவது சில்லு ஏறி நிற்கும் நடுக்குடத்தின், பல்வரி தேய்ந்துவிட்டது. கம்பிச் சில்லுக் கார்களுக்கே உரிய நோய் அது.

இறம்பொடைக்_குளிர்:
நோய் பார்த்து மருந்து கொடுப்பது வைத்தியருக்கு அழகு. ஆனால் இங்கே மருந்து கடல் தாண்டி வருகிறது. ஒரு பொதிக்குச் சுங்கம், ஒரு பொதிக்குக் காத்திருப்பு, அடுத்த பொதிக்கு மறுபடியும் அதுவே. கொழும்புப் பஞ்சிகாவத்தைக் கடைகளில் ஜப்பான் காருக்கு எதையும் வாங்கலாம். இதற்கு யார் வைத்திருக்கிறார்கள்? ஒரேயடியாக வரவழைத்து, ஒரேயடியாகப் போட்டு, நிம்மதியாக ஓட வேண்டும்.

பண்டாரவளைப்_பட்டறை:
வரவழைக்கலாம். நன்றாக இருப்பதை ஏன் கழற்ற வேண்டும்? டிப்ரன்சலிலுள்ள பற்சக்கரங்களான கிரவுன் வீலும் பினியனும் சோடியாகச் செய்யப்பட்டவை. பல ஆண்டுகள் ஒன்றோடொன்று உரசிப் பழகிய பற்கள். நடுவிலுள்ள தகடுகளின் கனத்தை அளந்து பொருத்தத் தெரியாதவர் கை வைத்தால், ‘டொக்’ போய்க் காலம் முழுவதும் ‘ஊ’ என்ற ஓலம் மிஞ்சும். இப்போது வரும் புதுப் பாகங்களில் சில பழைய அசலுக்குக் கிட்டவும் வராதவை. தேயாத பழையதைத் தூக்கிவிட்டுத் தரம் தெரியாத புதியதைப் போடச் சொல்வது கராஜுக்கு இலாபம், காருக்கு அல்ல.

தலவாக்கலை_நீராவி:
குறுக்கே ஒரு சொல். எதை மாற்றினாலும் கியர்பொக்ஸில் டிப்ரன்சல் எண்ணெயை ஊற்றவிடாதீர்கள். எம்.ஜி.பி. கியர்பொக்ஸுக்கு 20டபிள்யூ-50 எஞ்சின் எண்ணெய்தான். கனத்த 90 எண்ணெய் பின் அச்சுக்கு மட்டும். இரண்டும் ‘கியர் எண்ணெய்’ என்று ஒரே போத்தலிலிருந்து ஊற்றும் கடைகள் நம் ஊரில் குறைவில்லை. இன்னொன்று, ரிலீஸ் பெயரிங்கில் உருளை வகையை வாங்கலாமா? அது நீடிக்கும் என்கிறார்களே.

பண்டாரவளைப்_பட்டறை:
வேண்டாம். இந்தக் காரின் பெயரிங் ஒரு கிராஃபைட் வளையம். கிளட்ச் கவை வளைந்த பாதையில் ஆடுகிறது. கிராஃபைட் அதற்கேற்ப வழுக்கிக்கொள்ளும். நேராகத் தள்ளுவதற்கென்று செய்த உருளை வகைக்கு அது ஒத்துவராது. கிராஃபைட்டைத் தின்பது பெடலில் ஓய்வெடுக்கும் கால். நானுஓயாவில் பஸ்ஸுக்குப் பின்னால் நெரிசலில் நிற்கிறீர்களா? நியூட்ரலில் போட்டுவிட்டுக் காலை எடுங்கள்.

இறம்பொடைக்_குளிர்:
கிராஃபைட் விடயத்தில் ஒத்துக்கொள்கிறேன். மற்றதில் இல்லை.

ஹற்றன்_பச்சை:
மூன்று சோதனையும் செய்தேன். ஷாப்ட் ஜொயின்ட்டுகளில் அசைவே இல்லை. டிப்ரன்சலில் கொஞ்சம் ஆட்டம். வலது பின் சில்லோ, டிரம் நிற்க, கையோடு நகர்கிறது. இடதிலும் சிறிது.

இறம்பொடைக்_குளிர்:
பார்த்தீர்களா? ஹப் மட்டும் மாற்றினால் தேய்ந்த சில்லு புது ஹப்பைக் கடித்துவிடும். சில்லையும் சேர்த்து வாங்க வேண்டும். பட்டறைக்காரரின் சிக்கனம் இப்போது கராஜின் பட்டியலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது!

பண்டாரவளைப்_பட்டறை:
வந்துவிட்டது, மறுக்கவில்லை. ஆனால் கராஜின் பட்டியலில் ஹப்பே இல்லையே, ஐயா! அத்தனையையும் மாற்றிய பிறகும் ‘டொக்’ அங்கேயே இருந்திருக்கும். அதைவிடப் பெரிது ஒன்று உண்டு. பின் பிரேக் டிரம் பிடிப்பது ஹப்பை. ஹப்புக்கும் சில்லுக்கும் இடையே இருப்பது அந்தப் பல்வரி மட்டும்தான். அது வழுக்கினால் அந்தச் சில்லுக்கு எஞ்சின் இழுவையும் இல்லை, பிரேக்கும் இல்லை, ஹேண்ட்பிரேக்கும் இல்லை. தம்பி, ஹப் வரும்வரை காரை இறக்கத்தில் விடாதீர்கள். கிளட்ச் வழுக்கினால் வழியில் நிற்பீர்கள், அவ்வளவுதான்.

வாங்கும்போது வலது, இடது என்று தனித்தனியாகக் கேளுங்கள். சில்லைப் பூட்டும் மரைகள் எதிரெதிர்த் திசையில் இருக்கும். முன் ஹப்புகளையும் பார்த்துவிடுங்கள், பிரேக் போடும்போது பெரும் பாரம் அங்கேதான் விழுகிறது.

இறம்பொடைக்_குளிர்:
ஹப் கழன்ற பிறகு அரையச்சை இழுப்பது சிறு வேலைதானே? 1970 காரில் குழாய் வகை அச்சு. பின்மூடியைத் திறந்தால் அந்த வொஷர்களை மாற்றலாம். அதையாவது சேர்க்கச் சொல்லுங்கள்.

பண்டாரவளைப்_பட்டறை:
கிரவுன் வீலைத் தொடாமல் என்றால், சரி. வொஷர்கள் காசு பெறாதவை. ஆனால் எண்ணெய் வடிந்ததும் பற்களைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஹற்றன்_பச்சை:
அப்படியென்றால் முதல் பொதியில் இரண்டு பின் ஹப்புகள், இரண்டு சில்லுகள், வொஷர்கள். கிளட்ச் சாமான் அடுத்ததில். கராஜில் இதைச் சொன்னேன், முகம் கோணினார்கள்.

இறம்பொடைக்_குளிர்:
இரண்டு பொதி, இரண்டு சுங்கம். நான் முன்பே சொன்னேன்.