கோல்ட்ரேனுக்கு மங்க் சொல்லிக்கொடுத்தது என்ன? டெனாரில் அதை எப்படிப் பழகுவது?

நாணல்:
ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் 1957-க்கு முன் வாசித்ததையும் பின் வாசித்ததையும் கேட்டால் இரண்டு வேறு ஆட்கள் போல இருக்கிறது. பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க்தான் காரணம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். குறிப்பாக எதைக் கற்றுக்கொடுத்தார்? மங்க்கின் மெட்டுகளை நோட்டேஷன் பார்த்து வாசித்தால் சுரம் சரியாகத்தான் விழுகிறது, ஆனால் மங்க்கின் பாட்டாக ஒலிக்கவில்லை. டெனார் சாக்ஸபோன் வாசிப்பவர் எங்கே தொடங்க வேண்டும்?

கீழ்சுரம்:
தாளை மூடிவைப்பதில் தொடங்குங்கள். கோல்ட்ரேன் 1958-ல் ஆகஸ்ட் ப்ளூம் எடுத்த பேட்டியில் இதை விளக்கியிருக்கிறார். அவர் மங்க் வீட்டுக்குப் போய் எழுப்புவார். மங்க் பியானோவில் ஒரு மெட்டை வாசித்துவிட்டு இவரைப் பார்ப்பார். இவர் சாக்ஸபோனில் அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். பிடிபடும்வரை மங்க் திரும்பத் திரும்ப வாசிப்பார். ரொம்பச் சிக்கினால்தான் எழுதிய தாள் வெளியே வரும். சில நாள் ஒரே ஒரு மெட்டுதான் தேறுமாம்.

மங்க்கின் 'ரூபி, மை டியர்' எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் மெட்டை வாயால் பாடுங்கள். பாட வராத இடம் விரலிலும் வராது. அடுத்து பேஸ் சுரங்களை (ஒவ்வொரு கார்டின் அடிச்சுரத்தை) மட்டும் வாசியுங்கள், கார்ட் (ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டம்) கடைசியில். பியானோ சுருதியில் தொடக்கம் எஃப் மைனர் செவன், பி ஃப்ளாட் செவன், ஈ ஃப்ளாட். உடனே அதே நடை ஒரு முழுச்சுரம் மேலேறி ஜி மைனர் செவன், சி செவன், எஃப் என்று வரும். டெனார் விரலுக்கு எல்லாமே ஒரு முழுச்சுரம் கூட்டி, ஜி மைனர் செவனில் ஆரம்பிக்கும். பலர் இங்கே கார்டைக் கண்டதும் ஸ்கேலை ஓட்டிவிடுகிறார்கள், மெட்டு காணாமல் போகிறது. மங்க்கின் இசையில் சோலோவும் மெட்டிலிருந்துதான் முளைக்க வேண்டும்.

நீலத்தாளம்:
ஃபைவ் ஸ்பாட்டை விட்டுவிடக் கூடாது. 1957 ஜூலை முதல் டிசம்பர் வரை நியூயார்க்கில் அந்தக் கிளப்பில்தான் மங்க்கும் கோல்ட்ரேனும் இருந்த நால்வர் குழு வாசித்தது. சோலோ நடுவே மங்க் பியானோவை விட்டு எழுந்து ஆடப் போய்விடுவார். பேஸும் ட்ரம்ஸும் மட்டும் மிஞ்ச, கார்டைக் காட்டித்தர ஆள் இல்லாமல் கோல்ட்ரேன் நீண்ட நேரம் வாசிக்க வேண்டியிருந்தது. அந்தப் பயிற்சியை வீட்டிலேயே செய்யலாம். பேஸ் மட்டும் ஒலிக்கும் 12 பார் (தாளக் கட்டம்) ப்ளூஸை நிதானமான வேகத்தில் ஓடவிடுங்கள். கார்ட் மாறும் முதல் அடியில் அதன் மூன்றாம் சுரமோ ஏழாம் சுரமோ விழ வேண்டும். கேட்பவருக்கு உங்கள் சாக்ஸபோனிலிருந்தே கார்ட் தெரிந்தால் சரி. பெரும்பாலும் 9-ஆவது பாரில்தான் வழி தவறும், ஏனென்றால் அதுவரை மெதுவாக மாறிய கார்ட்கள் அங்கே நெருங்கி வருகின்றன.

இன்னொன்று, ஒரே மூச்சில் இரண்டு மூன்று சுரம் எழுப்பும் வித்தை. அதற்கும் மங்க்தான் வழி காட்டினார் என்று கோல்ட்ரேனே சொல்லியிருக்கிறார்: மாற்று விரலமைப்பு, கூடவே உதட்டின் நிலை. நேராக அதில் இறங்காதீர்கள். டெனாரின் அடிக் கடைசி பி ஃப்ளாட் விரலை மாற்றாமல், ஆக்டேவ் கீயை (சுரத்தை மேல் ஸ்தாயிக்கு ஏற்றும் பொத்தானை) தொடாமல், ஒரு ஆக்டேவ் மேலே பி ஃப்ளாட், பிறகு எஃப், பி ஃப்ளாட், டி என்று ஏறுங்கள். ரீட்டை (ஊதும் வாயில் உள்ள நாணல் தகட்டை) கடித்தால் சுருதி ஏறும், ஒலி நெரிபடும். மாற வேண்டியது நாக்கின் பின்பகுதியும் தொண்டையும். மெல்லிய ரீட் இதில் மூடிக்கொள்ளும். விரல் அட்டவணை ஒவ்வொரு கருவியிலும் ஒரே மாதிரி வேலை செய்யாது, காதால்தான் தேடணும். 1959-ல் பதிவான கோல்ட்ரேனின் 'ஹார்மோனிக்' கேளுங்கள், மெட்டிலேயே இது இருக்கிறது.

பழைய ரீட்:
மங்க் ஒருவரையே காரணமாக்குவது சரியில்லை. பிலடெல்பியாவில் டென்னிஸ் சாண்டோலிடம் கோல்ட்ரேன் முறையாக ஹார்மனி படித்திருந்தார், டிஸ்ஸி கில்லெஸ்பி குழுவில் வாசித்திருந்தார். மைல்ஸ் டேவிஸ் குழுவிலிருந்து நீக்கப்பட்டதும் ஹெராயினை விட்டதும் அதே 1957-ல்தான். கோல்ட்ரேனின் 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' மெட்டு பி, ஜி, ஈ ஃப்ளாட் என்று மூன்று கீகளில் (ஆதார சுருதிகளில்) சுற்றுவதை மங்க்கின் கணக்கில் எழுத முடியாது.

மங்க் தந்தது காலமும் இடமும் என்பேன். 'மங்க்ஸ் மூட்' 1957 ஏப்ரலில் ட்ரம்ஸ் இல்லாமல் ஸ்டுடியோவில் பதிவானது. அதே மெட்டு நவம்பர் 29 கார்னகி ஹால் கச்சேரியிலும் இருக்கிறது. அந்த நாடா 2005-ல்தான் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் கிடைத்து வெளியானது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டு, மங்க்கின் பியானோ விடும் இடைவெளிகளில் கோல்ட்ரேன் எங்கே நுழைகிறார், எங்கே நிறுத்துகிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.