தகராஸுகாவில் நான் பார்த்த 'காஸாபிளாங்கா'

2009 டிசம்பர். அப்போது நாங்கள் ஒசாகாவுக்கு வடக்கே இகேதா என்கிற ஊரில் குடியிருந்தோம். பக்கத்து வீட்டில் எழுபதைத் தாண்டிய ஓர் அம்மா தனியாக இருந்தார். வாசலில் பார்த்தால் குனிந்து வணக்கம் சொல்வேன், தோட்டத்தில் பழுத்த காக்கிப் பழத்தை அவர் கொண்டுவந்து கொடுப்பார், அவ்வளவுதான் பழக்கம். ஒருநாள் காலையில் கதவைத் தட்டினார். "கூட வரவேண்டியவளுக்குக் காய்ச்சல். ஒரு டிக்கெட் வீணாப் போகுது. வர்றியாம்மா?" என்ன நாடகம் என்று கேட்டேன். காஸாபிளாங்கா என்றார்.

அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கு எங்கள் வீட்டு முன்கூடம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அப்பாவுக்கு உயிரான படம் அது. 1942-இல் வந்த அந்த ஹாலிவுட் போர்க்காலக் காதல் படத்தை வீடியோ கேசட்டில் வைத்துக்கொண்டு வருஷத்துக்கு இரண்டு தடவையாவது போடுவார். விமான நிலையக் காட்சி வந்ததும் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். "இத்தனை பாடுபட்டுக் கடைசியில அவளை இன்னொருத்தன்கூட அனுப்பி வைக்கிறானே, இதை எதுக்கு உட்கார்ந்து பார்க்கணும்?" என்பாள். அவள் கோபம் கடைசிவரை தணியவே இல்லை.

இகேதாவிலிருந்து தகராஸுகாவுக்கு ஹான்க்யூ ரயிலில் கால் மணி நேரம். அரக்கு நிறப் பெட்டி, பச்சை வெல்வெட் இருக்கை. வழியெல்லாம் அந்த அம்மா கதை சொல்லிக்கொண்டே வந்தார். இந்த ரயில் பாதையைப் போட்ட கோபயாஷி இச்சிஸோதான் தகராஸுகா நாடகக் குழுவையும் தொடங்கியவர். கடைசி நிலையமான தகராஸுகாவில் வெந்நீர் ஊற்று இருந்தது. அங்கே உள்ளரங்க நீச்சல் குளம் ஒன்றைக் கட்டினார், அது போணியாகவில்லை. குளத்தின் மேல் பலகை போட்டு மூடி, பெண் பிள்ளைகளைப் பாடவும் ஆடவும் வைத்தார். முதல் நிகழ்ச்சி 1914-இல் நடந்தது. இன்றைக்கு ஐந்து குழுக்கள், மேடையில் நிற்பவர்கள் அத்தனை பேரும் பெண்கள். கல்யாணம் ஆனால் விலகிவிட வேண்டும். எத்தனை வருஷம் நடித்தாலும் அவர்களை 'மாணவிகள்' என்றுதான் சொல்வார்கள்.

நிலையத்திலிருந்து அரங்குக்குப் போகும் பாதைக்குப் 'பூப் பாதை' என்று பெயர். டிசம்பரில் அங்கே இருக்கும் செர்ரி மரங்கள் மொட்டையாக நின்றன. நடந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். பாட்டியும் மகளும் பேத்தியுமாக மூன்று தலைமுறை சேர்ந்து வருவதைக் கண்ணால் பார்த்தேன்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பெண் ஆண் வேடம் போடுவது நமக்குப் புதிதில்லை. கும்பகோணம் பாலாமணி அம்மாள் முழுக்கப் பெண்களை வைத்தே நாடகக் கம்பெனி நடத்தியவர். கே.பி. சுந்தராம்பாள் 1935-இல் நந்தனாராகவே திரையில் வந்தவர். ஆனாலும் கதாநாயகன் ரிக் வேடத்தில் ஒரு பெண்ணா என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. அந்த மனுஷன் பேசாமல் நிற்பதிலேயே பாதிப் படம் ஓடிவிடும். அதை எப்படிச் செய்வார்கள்?

சுமார் 2,550 பேர் உட்காரும் அரங்கு. எங்களுக்கு மாடியில் இடம். அந்த அம்மா கைப்பையிலிருந்து பழைய தொலைநோக்கி ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தார். "முகத்தைப் பார்க்காதே. முதுகைப் பாரு" என்றார்.

ரிக்காக வந்தவர் ஓஸோரா யூஹி. 1992-இல் குழுவில் சேர்ந்தவர். ஐந்து குழுக்களில் ஒன்றான சோராகுமியின் முதன்மை நட்சத்திரமாக வருவதற்குள் பதினேழு வருஷம் ஓடிவிட்டது. அதற்குள் இரண்டு குழு மாறியிருக்கிறார். பெரிய அரங்கில் அந்த இடத்துக்கு வந்து அவர் செய்த முதல் நாடகம் இதுதான். வெள்ளைக் கோட்டில் அவர் வெளிச்சத்துக்கு வந்ததும் அரங்கம் முழுக்க ஒரே தாளத்தில் கைதட்டல். சொல்லி வைத்த மாதிரி ஆரம்பித்து, சொல்லி வைத்த மாதிரியே நின்றது.

நான் முதுகைத்தான் பார்த்தேன். ஆண் வேடம் போடுகிறவர்களை ஒத்தோகோயாகு என்பார்கள். இடுப்பு வளைவு தெரியாதபடி துணியைச் சுற்றி உடம்பை நேராக்கிக்கொள்வார்களாம். காதோரக் கிருதா வரைக்கும் வரைந்துகொள்வார்கள். இதெல்லாம் ஒப்பனை. ஆனால் ஒருத்தி பழைய காதலன் முன்னால் வந்து நிற்கும்போது, அவன் திரும்பாமல் கையிலிருக்கும் கண்ணாடிக் கோப்பையைக் கீழே வைக்கிறானே, அந்தக் கை ஒப்பனையில் வராது. கோப்பை மேஜையைத் தொட்ட பிறகும் விரல்கள் அதை விடவில்லை. தோள் மட்டும் ஒரு நூல் இறங்கியது. மாடியிலிருந்து பார்த்த எனக்கு அந்த ஒரு நூல் தெரிந்தது. பதினேழு வருஷம் காத்திருந்த ஒருவரிடம்தான் அந்த அலுப்பும் அந்த நிதானமும் இருக்க முடியும் என்று எனக்குப் பட்டது. அதற்குப் பிறகு பெண் ஆண் என்ற கணக்கே மனதில் வரவில்லை.

ரிக்கின் பழைய காதலி இல்ஸாவாக நோனோ சுமிகா. ஓஸோராவுக்குப் பதின்மூன்று வருஷம் பிந்திக் குழுவுக்கு வந்தவர். ஆனால் பாரிஸ் நினைவுகளில் இரண்டு பேரும் சம வயதுக்காரர்கள் போலத் தெரிந்தார்கள். இல்ஸாவின் கணவன் லாஸ்லோவாக ரான்ஜு டோமு, போலீஸ் அதிகாரி ரெனோவாக ஹொகுஷோ காய்ரி. ஜெர்மன் அதிகாரிகள் பாடும்போது லாஸ்லோ எழுந்து பிரெஞ்சு நாட்டுப் பண்ணைத் தொடங்கும் இடம் படத்திலேயே மயிர்க்கூச்செறியும். இங்கே கீழே குழியில் நிஜ வாத்தியக்காரர்கள், மேலே ஐம்பது அறுபது பெண் குரல்கள். கட்டைக் குரலில் ஒரு பாதி, உச்சத்தில் ஒரு பாதி. பக்கத்தில் பார்த்தேன், அந்த அம்மா மடியிலிருந்த கைக்குட்டையை முறுக்கிப் பிடித்திருந்தார். யுத்தம் முடிந்தபோது அவர் சின்னப் பிள்ளை. நான் எதுவும் கேட்கவில்லை.

இடைவேளையில் வெளியே உட்கார்ந்து, அவர் கட்டிக்கொண்டு வந்த சோற்று உருண்டையைச் சாப்பிட்டோம். நான் மீன் சாப்பிடமாட்டேன் என்று தெரிந்து உமேபோஷி ஊறுகாய் வைத்துப் பிடித்திருந்தார். 1977-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காதல் கதையான 'கான் வித் த விண்ட்'டை முதன்முதலாக இங்கே மேடையேற்றியபோதும் அவர் வந்திருக்கிறார். கதாநாயகன் ரெட் பட்லராக ஹாருனா யூரி மீசை வைத்து வந்தாராம். "அழகான ஆண்தான் ஒத்தோகோயாகு, மீசையெல்லாம் எதுக்குன்னு ரொம்பப் பேர் வருத்தப்பட்டாங்க. நானும்தான். திரை விலகி அஞ்சு நிமிஷத்துல மீசையை மறந்துட்டேன்" என்றார். காஸாபிளாங்காவை எழுதி இயக்கிய கொய்கே ஷூஇசிரோவைப் பற்றியும் நிறையச் சொன்னார்; 1996-இல் 'எலிசபெத்' இசை நாடகத்தை ஜப்பானுக்குக் கொண்டுவந்தவர் அவர்.

இரண்டாம் பாதியில் பனி மூட்டமும் மழைக்கோட்டும் தொப்பியும் வந்தன. எனக்கு வசனம் முழுக்கப் புரியவில்லை, என் ஜப்பான் மொழி அப்போது கடைக்குப் போய்வரத்தான் காணும். புரியவேண்டிய தேவையும் இல்லை. இல்ஸா போய்விட்டாள். ரிக் நின்றான். அடுப்படிக்குப் போன அம்மாவை நினைத்துக்கொண்டேன்.

நாடகம் முடிந்தது என்று நான் பையை எடுத்தேன். அந்த அம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "இனிமேதான் இருக்கு."

தகராஸுகாவில் கதை எப்படி முடிந்தாலும் அதோடு விடமாட்டார்கள். பின்னால் ஒரு பெரும் ஆட்டமும் பாட்டும் உண்டு. இளம் பெண்கள் வரிசை கட்டிக் காலை உயர்த்தி ஆடினார்கள். அப்புறம் ஒத்தோகோயாகுக்கள் கூட்டமாக வந்து ஆடினார்கள். அதன் பிறகு விளக்கெல்லாம் தணிந்து, மேடையில் இரண்டே பேர். ஓஸோராவும் நோனோவும். ஐந்து நிமிடத்துக்கு முன்னால் விமானம் ஏறிப் போனவளும் ஓடுபாதையில் தனியாக நின்றவனும். ஒரு வார்த்தை இல்லை, ஆட்டம் மட்டும். அவள் அவன் கையைப் பற்றிச் சுழன்று, தலையை அவன் தோளில் வைத்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். கதைக்குள் அவன் ஒரு தடவைகூடத் தன்னை அப்படி விட்டுக்கொடுத்ததாக எனக்கு நினைவில்லை.

நான் அழுதுவிட்டேன். பிரிவைக் காட்டியபோது வராத கண்ணீர் இங்கே வந்தது. பிரிவை மாற்றி எழுதவில்லை அவர்கள். விமானம் போனது போனதுதான். அதற்கு வெளியே ஓர் இடம் போட்டு, அங்கே இரண்டு பேரையும் சேர்த்து வைத்துவிடுகிறார்கள். காதல் படத்தை மேடைக்குக் கொண்டுபோக எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை.

கடைசியில் இருபத்தாறு படி கொண்ட பெரிய படிக்கட்டு. ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். எல்லாருக்கும் பின்னால், முதுகில் ஆளைவிடப் பெரிய இறகுக் கொத்தோடு ஓஸோரா. குனிந்து படியைப் பார்க்கவே இல்லை. வாத்தியக் குழிக்கு முன்னால் ஓடும் ஒடுக்கமான 'வெள்ளிப் பால'த்தில் எல்லாரும் வந்து நின்று வணங்கினார்கள்.

அன்று ராத்திரியே அம்மாவுக்கு போன் போட்டேன். முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "அப்போ விமானம் கிளம்பலையா?" என்றாள்.

"கிளம்பிடுச்சும்மா. அப்புறம் வந்து ஆடினாங்க."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அது போதும்" என்றாள்.

2011-இல் நாங்கள் ஊருக்குத் திரும்பிவிட்டோம். 2012 ஜூலையில் அந்த அம்மாவிடமிருந்து ஒரு அஞ்சலட்டை வந்தது. ஓஸோராவும் நோனோவும் ஒரே நாளில் விடைபெற்றுவிட்டார்கள். குழுவை விட்டுப் போகிறவர்கள் கடைசி நாளில் கறுப்பு கிமோனோவும் ஹகாமா என்கிற பச்சை மடிப்புப் பாவாடையும் உடுத்தி அந்தப் படிக்கட்டில் இறங்குவது வழக்கம். ஜோடியாக நடித்தவர்கள் ஜோடியாகவே விலகினால் ரசிகர்கள் அதற்குச் சொல்லும் வார்த்தை 'ஸொயிதோகே'. கணவனும் மனைவியும் கடைசிவரை கூடவே வாழ்ந்து முடிப்பதற்குச் சொல்கிற அதே வார்த்தை என்று கீழே தெளிவாக எழுதியிருந்தார், எனக்குப் புரியவேண்டுமே என்று.

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆக, கடைசியில ரெண்டு பேரும் ஒரே விமானத்துல ஏறிட்டாங்க."